எழுதிக் கொடுத்த இரண்டு பேர்

பினாங்கில் ஜப்பான்காரர்கள் இருந்த காலத்தில் நான் பதினான்கு பேருக்குத் தலைவனாக இருந்தேன். அதற்கு முன் என் வீட்டுக்காவது நான் தலைவனாக இருந்தேனா என்பதை என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் இலாகாவில் எனக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அப்போது அதுதான் பிழைப்பு. ரயில், தபால், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் மேசைக்குப் பின்னால் எங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மலையோடைகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களின் வரைபடங்களைப் பிரதி எடுப்பது எட்டு வருஷமாக என் வேலை. அலுவலகம் தண்ணீர்மலை அடிவாரத்தில் இருந்தது. வெயிலில் நின்று அந்தக் குழாய்களைப் பதித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகள். அவர்கள் என் அறை வாசல் வரை வருவார்கள், "ஐயா" என்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் தமிழும் என் தமிழும் வேறு வேறு. அதனால் அதிகம் பேசிக்கொள்ளாமல் இருப்பது இரு பக்கத்துக்கும் வசதியாக இருந்தது.

பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்த அந்த வாரத்திலேயே எங்கள் வெள்ளைக்கார இன்ஜினியர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டார். அவருடைய இடத்துக்கு ஒரு ஜப்பானிய இன்ஜினியர் வந்தார். குள்ளமானவர், தடித்த கண்ணாடி. தன் சொந்த ஊரிலும் தண்ணீர் வேலைதான் பார்த்தாராம். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டார். வரைபடங்களில் பாதி தீயில் போயிருந்தன. போனவற்றை நான் நினைவிலிருந்து வரைந்து காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "இனி மலை வேலைக்கு நீ தலைவன்" என்றார். கூலி ஆட்களை மேற்பார்த்த பழைய மண்டோர் குண்டு வீச்சில் இறந்துபோயிருந்தார். அவருடைய பதினான்கு ஆட்களும் மறுநாள் காலையில் என் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே தலைவர் அந்த வெள்ளைக்காரர். அவர் எப்படி நடந்துகொண்டாரோ அப்படியே நானும் நடந்துகொண்டேன். காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டேன், எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவேன். மழை பெய்தால் ஓடை நீரைத் தடுத்துப் பிடிக்கும் இடத்தில் சருகும் மரக்கிளையும் வந்து கம்பிச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். மார்பளவு தண்ணீரில் இறங்கி அதை அள்ள வேண்டும். அவர்கள் அள்ளுவார்கள். நான் கரையில் குடை பிடித்து நிற்பேன். பிந்தி வந்தவனைத் திட்டுவேன், காய்ச்சல் என்று சொன்னவனை நம்பமாட்டேன். நகரத்தில் தண்ணீர் நின்றால் ஜப்பான்காரர் என்னை அறைவார் என்ற பயம் எனக்கு. ஒருமுறை அறைந்தும் இருக்கிறார். அந்தப் பயத்தைத் தூக்கி அந்தப் பதினான்கு பேர் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அவர்களில் இருவரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு நான் மனத்துக்குள் வாய்க்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். நாற்பது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. ஒல்லி, ஆனால் இறுகிய உடம்பு. எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார். ஒரு மாதம் அரிசிப் பங்கு வராமல் போனபோது மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அரிசி வந்தாத்தான் வேல" என்று மற்றவர்களையும் அரை நாள் உட்கார வைத்தார். அன்று இன்ஜினியர் மலைக்கு வராதது என் அதிர்ஷ்டம். இன்னொருவர் மதியத்தில் எல்லோருக்கும் மரவள்ளிக்கிழங்கு போட்டுக் கஞ்சி காய்ச்சுகிறவர். மனைவி இறந்துபோனவர். பேச்சே கிடையாது. வாய்க்காரர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். இருவரும் ஒன்றாக வருவார்கள், ஒன்றாகப் போவார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சயாமில், அதாவது தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் எடுப்பது மும்முரமானது. முதலில் நல்ல சம்பளம், மூன்றே மாதம் என்று சொல்லி அழைத்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. பிறகு யாரும் தானாகப் போகவில்லை. தோட்டங்களில் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. அடுத்து, ஒவ்வொரு இலாகாவும் ஆள் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். "ஐந்து கேட்டார்கள். நான் இரண்டு என்றேன். சனிக்கிழமை ரயில். அதற்குள் இரண்டு பெயர். பலமான ஆட்கள்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த ஒரு வால்வுத் துண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் அறைக்கு வந்து பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டேன். முதலாவது வாய்க்காரர். இரண்டாவது, மூன்று மாதத்துக்கு முன்தான் சேர்ந்த, கல்யாணமாகாத ஒருவர். எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒருவர் தொந்தரவு, இன்னொருவருக்காக அழ ஆளில்லை. மிகவும் நியாயமான முடிவாகத் தெரிந்தது. வெகு நாளாக இருந்த ஒரு முள்ளை எடுத்துப் போட்டதுபோல ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் வீட்டில் மனைவி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆரை எழுதினியள்?" என்று கேட்டாள்.

"ஒருத்தன் அந்த வாய்க்காரன். மற்றவனுக்கு ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"கல்யாணம் கட்டேல்லை."

"கட்டாட்டில் தாய் தகப்பன் இல்லையோ? கூடப் பிறந்ததுகள் இல்லையோ?"

"தெரியாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்டரை வருஷமா அவையளைக் கொண்டு வேலை வாங்கிறியள். ஒண்டும் தெரியாமலே எழுதிப் போட்டியளே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். யார் எத்தனை அடிக் குழாயைத் தோளில் தூக்குவார் என்று எனக்குத் தெரியும். யார் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

மறுநாள் தாளைக் கொடுக்கவில்லை. ஆட்களோடு சேர்ந்து மலை ஏறினேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்ச தூரம் நடந்து, எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்டேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷம் திட்டுவதைத் தவிர வாயைத் திறக்காத கிராணி திடீரென்று குடும்பத்தை விசாரித்தால் யாருக்குத்தான் பயம் வராது?

கல்யாணமாகாதவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா அக்கரையில பட்டர்வொர்த்துல இருக்குங்க. ஒரு பக்கம் கை கால் வெளங்காது. பக்கத்து வூட்டு மலாய்க்காரம்மாதான் பாத்துக்கிறாங்க. ஞாயித்துக்கெழமயில நான் போயி குளிப்பாட்டிட்டு வருவேன். எதுக்குங்கய்யா கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

கஞ்சி காய்ச்சுகிறவரைப் போலவே இன்னொருவருக்கும் மனைவி இல்லை, குண்டில் போய்விட்டாள். மூன்று பிள்ளைகளை மாமியார் வைத்திருந்தார். ஒருவருக்கு ஒரு காது கேட்காது. நான் கூப்பிட்டும் வராமல் நிற்கிறான் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். வேலை போய்விடும் என்று அதை அவர் மறைத்து வைத்திருந்தார். புதன்கிழமைக்குள் பதினான்கு பேரையும் கேட்டு முடித்தேன். ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் இருந்தார்கள். அழ ஆளில்லாதவன் என்று ஒருவன்கூட இல்லை.

அன்று மதியம் கஞ்சி குடிக்கும் நேரத்தில் வாய்க்காரர் எழுந்து வந்தார்.

"ஐயா, நேராச் சொல்லிடுங்க. சயாமுக்கு ஆள் கேட்டிருக்காங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள். அத்தனை முகங்களையும் நான் இரண்டு நாளாகப் பக்கத்திலிருந்து பார்த்திருந்தேன். பொய் வரவில்லை.

"இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்" என்றேன்.

யாரோ ஒருவர், "ஓடிப் போயிடலாம்லா" என்றார். இன்னொருவர், "ரெண்டு பேர் ஓடினா மிச்சம் பன்னெண்டையும் கட்டித் தூக்கிட்டுப் போவான்" என்றார். அதன்பின் எல்லோரும் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். நான் எழுதிக் கொடுக்கிறேன்" என்று சொன்னேன். அவர்களுக்கு மதிப்புக் கொடுப்பதாகத்தான் அப்போது நினைத்தேன்.

வாய்க்காரர் தலையை ஆட்டினார். "அது வேணாங்க. நாங்க ஒருத்தன ஒருத்தன் கைகாட்டினா நாளைக்கு ஒரே கொழாய ரெண்டு பக்கம் தூக்க முடியாது. போறவன் வூட்டுக்காரி எவன் மொகத்துல முழிப்பா? நீங்கதான தலைவரு. நீங்க எழுதுங்க. திட்டுறதா இருந்தா ஒங்களத் திட்டிக்கிறோம்."

அந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. அவர் சொன்னது சரி. அந்தப் பாரத்தை நான் அவர்களிடம் தள்ளிவிடப் பார்த்தேன். அதைச் சுமக்கத்தான் என்னை அங்கே வைத்திருந்தார்கள்.

என் பெயரையே எழுதிவிடலாமா என்றும் தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன். தோன்றியதோடு சரி. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இருந்திருந்தாலும் குழாய் தெரிந்த ஒரே ஆளை அவர்கள் அனுப்பியிருக்கமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

வியாழக்கிழமை இன்ஜினியரிடம் போனேன். குனிந்து வணங்கிவிட்டு, ஒருவர் போதுமா என்று கேட்டேன். எண்ணிக்கை இனித் தன் கையில் இல்லை என்றார். அப்படியானால் இரண்டு பேரையும் பிரிக்காமல் ஒரே கூட்டத்தில் அனுப்பும்படி ஒரு கடிதம் வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்து, தருகிறேன் என்றார். காட்டுக் காய்ச்சலுக்கு மருந்து வேண்டும் என்றேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து கொயினா மாத்திரைப் புட்டி ஒன்றை எடுத்தார். அது அவருடைய சொந்தப் புட்டி. பாதியைத் தாளில் கொட்டி மடித்துக் கொடுத்தார். கடைசியாக, போகிறவர் இடத்தில் அவர் வீட்டிலிருந்து ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். வேலையில் இருந்தால்தான் அரிசிப் பங்கு. "பெண்ணா?" என்று கேட்டார். புல் வெட்டலாம், சருகு கூட்டலாம் என்றேன். சரி என்று கையை ஆட்டினார். அந்த அறையில் இவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாருக்குக் குடும்பம் குறைவு என்று பார்த்தால் வழி பிறக்காது என்று தெரிந்துவிட்டது. ஆகவே, யார் போனால் திரும்பி வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்தேன். தனியாகப் போகிறவன் சீக்கிரம் விழுந்துவிடுவான். ஒருவரையொருவர் விடாத இரண்டு பேர் வேண்டும். காய்ச்சல்காரன் போகக் கூடாது. சமைக்கத் தெரிந்தவனைச் சமையலில் வைப்பார்கள், அவன் வயிறு காயாது என்று நம்பினேன். அநியாயம் நடந்தால் வாய் திறந்து கேட்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான் என்றும் நம்பினேன். எப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் இரண்டு பேர்தான் வந்தார்கள். கஞ்சி காய்ச்சுகிறவர், வாய்க்காரர்.

முதல் நாள் பத்து நிமிஷத்தில் எழுதிய பெயரில் ஒன்று அப்படியே திரும்பி வந்திருந்தது. காரணம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாளை இன்ஜினியரிடம் கொடுத்துக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, கூலி லயத்துக்குப் போனேன். ஆள் அனுப்பிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இருவரும் வாய்க்காரர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். நான் வந்த விதத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு பேரும்தானா?" என்றார் வாய்க்காரர்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"என்னையப் புடிக்காமத்தான எழுதினீங்க?"

"இல்லை. நீர் பிழைச்சு வருவீர் எண்டு நினைச்சுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து போனால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளுவீங்கள் எண்டு."

அவர், "நம்பச் சொல்றீங்களா?" என்றார்.

கஞ்சிக்காரர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தாசேக் கெலுகோர்ல எந் தங்கச்சி இருக்குங்க, தோட்டத்துல. அதுக்கு மட்டும் சொல்லிடணும்" என்றார். அவர் என்னோடு பேசிய மிக நீளமான பேச்சு அது. அவர் வீட்டார் ஒருவருக்கென்று வாங்கியிருந்த வேலையை அந்தத் தங்கைக்கே தரலாம் என்றேன். வேண்டாம், அதற்குத் தோட்டத்தில் புருஷன் பிள்ளை இருக்கிறது என்றார். உள்ளேயிருந்து வாய்க்காரர் மனைவி வந்தார். அவருக்கு வேலை உண்டு, அரிசிப் பங்கு நிற்காது என்று சொன்னேன். அவர் என் காலில் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை அவர்களோடு படகில் அக்கரையில் பிறை என்ற ரயிலடி வரை போனேன். மற்ற இலாகாக்களிலிருந்து வந்தவர்களோடு ஒரு போலீஸ்காரரைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. ரயிலடியில் நின்ற ஜப்பானியச் சிப்பாயிடம் கடிதத்தைக் காட்டினேன். வாங்கிப் படித்து இருவரையும் ஒரே சாமான் பெட்டியில் ஏற்றினான். மாத்திரைப் பொட்டலத்தைக் கஞ்சிக்காரரிடம் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். எதற்கும் ஒரு கேள்வி கேட்கிற வாய்க்காரர் அன்று ஒன்றும் கேட்கவில்லை. ரயில் போன பிறகும் நான் அடுத்த படகைத் தவறவிட்டு அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை வரிசையில் பன்னிரண்டு பேரும் ஒரு பெண்ணும் நின்றார்கள். எண்ணைக் கூப்பிட வாய் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டு பேர் பெயரைத் தப்பாகச் சொன்னேன். அவர்கள் திருத்தினார்கள். பட்டர்வொர்த்துக்குப் போகிறவரை சனிக்கிழமை மத்தியானமே விட்டுவிடுவேன். காது கேட்காதவரை என் பார்வை படும் இடத்தில் வேலைக்கு வைத்தேன். மழை நாளில் நானும் தண்ணீரில் இறங்கினேன். முதல் நாள் இறங்கியபோது வழுக்கி விழுந்தேன், எல்லோரும் சிரித்தார்கள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. முன்பே செய்திருக்க வேண்டியவை, ஒன்றரை வருஷம் பிந்திச் செய்தேன். மீண்டும் ஆள் கேட்டு உத்தரவு வரவில்லை. அதுவும் என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

வாய்க்காரர் மனைவி இரண்டு வருஷம் என் கீழே வேலை செய்தார். "சரிங்க", "முடிஞ்சிருச்சுங்க" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவர் என்னிடம் பேசியதில்லை. ஒருநாள் உடம்பு நெருப்பாகக் கொதிக்க, துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். வீட்டுக்குப் போய்ப் படுங்கள், பங்கு குறையாது என்றேன்.

"நான் போயிட்டா எம் பேரையும் எழுதிடுவீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். அவர் போகவில்லை. மாலை வரை கூட்டிவிட்டுத்தான் போனார். அவர் என்னை நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று அன்று விளங்கிற்று. காய்ச்சல் விடும் வரை மற்ற இரண்டு ஆட்கள் அவர் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். நான் சொல்லிச் செய்யவில்லை.

யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். புதிய இன்ஜினியர் வந்து, என்னை மறுபடியும் வரைபட மேசையில் உட்காரச் சொன்னார். மலை ஆட்களோடேயே இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு காலை, நான் பெயர் கூப்பிட்டு முடித்த நேரம், வழியில் ஒருவர் ஏறி வந்தார். வாய்க்காரர் மனைவிதான் முதலில் அடையாளம் கண்டு ஓடினார். எனக்குத் தெரியவில்லை. எலும்பின்மேல் தோல் போர்த்திய உருவம். இடது காலில் முழங்காலுக்குக் கீழே சதை குழிந்திருந்தது. ஒருவர்தான் வந்தார். நான் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேலை கேட்டு வந்தார். அதே வேலையைக் கொடுத்தேன், கனம் தூக்காத மாதிரி. அன்று மத்தியானம் எல்லோரும் எழுந்து போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் மொத மழையிலயே போயிட்டான்" என்றார். "வாந்தி பேதி. நீங்க சொன்ன மாரி சமையல்லதான் வச்சாங்க. ஆனா தண்ணி நல்ல தண்ணி இல்ல. மாத்திரையில பாதி எனக்குக் குடுத்துட்டுத்தான் போனான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கேட்டார். "இப்பவாச்சும் சொல்லுங்க. என்னைய ஏன் எழுதினீங்க?"

இரண்டு வருஷம் அந்தக் கேள்விக்குப் பதிலை மனத்துக்குள் எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். "நீர் திரும்பி வருவீர் எண்டு நினைச்சன். அது உண்மை. ஆனால் முதல் நாள் ஒரு தாளிலை உம்மைப் பிடிக்காமல் எழுதினன். அதுவும் உண்மை. இரண்டாவது தரம் எழுதேக்குள்ளை முதல் தாள் என்ரை கையைப் பிடிச்சிருக்காது எண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது" என்றேன்.

அவர் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். "அங்க என்னையும் மண்டோராக்கிட்டானுங்க. முப்பது பேருக்கு. வாந்தி பேதிக் கொட்டாயில பொணம் தூக்க, தெனம் ரெண்டு பேர அனுப்பணும். போறவன் பாதி நாள்ல படுத்துருவான். மொத நாளு எனக்குப் புடிக்காதவனத்தான் அனுப்பினேன். ரெண்டாம் நாளும் புடிக்காதவன்தான். மூணாம் நாளு ஒங்க நெனப்பு வந்திச்சு. லயத்துக்கு வந்து மொகத்தப் பாத்துச் சொன்னீங்கல்ல, அது. அதுலேருந்து ஆளுங்ககிட்ட போயி நானே சொன்னேன். முடிஞ்ச அன்னிக்கி நானும் கூடப் போனேன்." காலை நீட்டி வைத்துக்கொண்டார். "அந்த மொத ரெண்டு நாளு போனவனுங்க மொகம்தான் இன்னும் வருது."

அவர் என்னை மன்னித்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி அவர் சொல்லவும் இல்லை. ஒரே வேலையைச் செய்த இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோலப் பேசினோம், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடல் தாண்டி, பஸ் ஏறி, தாசேக் கெலுகோர் போனோம். அண்ணன் சயாமுக்குப் போன செய்தியை நான் அப்போதே சொல்லி அனுப்பியிருந்தேன். இறந்த செய்தி தெரியாது. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் அந்தத் தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அண்ணனின் அதே சாயல், அதே வாய் மூடிய முகம். வாய்க்காரர்தான் சொன்னார். அந்தப் பெண் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "யாரு அனுப்பினது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். "அவருடைய தலைவன் நான். பெயர் எழுதிக் கொடுத்தது நான்."

வாய்க்காரர் ஏதோ சொல்ல வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தப் பெண் உள்ளே போனார். அழுகைச் சத்தம் கேட்டது. போய்விடலாமா என்று வாய்க்காரர் கண்ணால் கேட்டார். நான் அசையவில்லை. திட்டு வாங்காமல் போகக் கூடாது என்று நின்றேன். அந்தப் பெண் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். திட்டவில்லை.

"மலை வேலையில எப்புடி இருந்தாரு எங்கண்ணன்? எங்ககிட்ட ஒண்ணுமே சொல்லமாட்டாரு" என்றார்.

என்னிடம் சொல்வதற்கு இருந்தது மிகக் கொஞ்சம். அந்தக் கடைசி வாரத்தில் பார்த்ததும் கேட்டதும்தான். எல்லோருக்கும் ஊற்றிவிட்டுக் கடைசியில்தான் குடிப்பார் என்றேன். அடியில் தங்கியிருக்கும் கிழங்கைக் காய்ச்சல்காரருக்கு எடுத்து வைப்பார் என்றேன். மழை வரப்போவதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சொல்வார் என்றேன். நான் நிறுத்திய இடத்திலிருந்து வாய்க்காரர் எடுத்துக்கொண்டார். காட்டில் நடந்தவற்றைச் சொன்னார். கேட்கக்கூடியவற்றை மட்டும். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து, போதும் என்று சொல்லும் வரை, நாங்கள் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தோம்.